கோவையில் மருந்து ஆராய்ச்சிப் பிரிவு: அம்மாவோடு 14 மாதம் போய் வந்த அனுபவம்

எங்களுக்குப் பெருந்துறைப் பக்கம். அம்மாவுக்குப் பதினொரு வருடமாகச் சர்க்கரை. ஒரு மருந்து கம்பெனி பணம் போட்டு நடத்தும் சர்க்கரை மாத்திரை ஆராய்ச்சியில் சேர்கிறீர்களா என்று கோவையில் அம்மா பார்க்கும் தனியார் மருத்துவமனை டாக்டர் கேட்டார். வீட்டில் சொன்னதும் பெரியம்மா, "எலிக்குக் குடுக்கறத உனக்குக் குடுக்கறாங்க சாமி, வேண்டாம்" என்று அழுதேவிட்டார். அதே பயத்தில் இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவமனை பெயர் வேண்டாம், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன். 2007-ல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தொடங்கியது; 2009 ஜூன் 15-லிருந்து எந்த மருந்துச் சோதனையையும் ஆள் சேர்ப்பதற்கு முன்பே அதில் பதிந்தாக வேண்டும். யார் பணம் போடுகிறார்கள், எந்தெந்த ஊரில் நடக்கிறது, சேருகிறவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் கொடுத்ததா, எல்லாம் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். எங்களுடையது இருந்தது, மூன்றாம் கட்டம் என்று போட்டிருந்தது. அதாவது விலங்குகளிடம் பார்த்து, அப்புறம் மனிதர்களிடமும் இரண்டு கட்டம் தாண்டி வந்த மருந்து. பெரியம்மாவுக்கு இதைச் சொன்ன பிறகுதான் கொஞ்சம் சமாதானம்.

சம்மதப் படிவம் இருபத்து மூன்று பக்கம். தமிழ்தான், ஆனால் தமிழாசிரியருக்கே தலை சுற்றும். "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கப்படுவீர்கள்" என்ற வரியில் அம்மா விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அங்கிருந்த கோஆர்டினேட்டர் பொண்ணு, "கோயில்ல திருவுளச்சீட்டு போடற மாதிரிங்கம்மா, புது மாத்திரை வருமா பழசு வருமான்னு எங்களுக்கே தெரியாது, டாக்டருக்கும் தெரியாது" என்றாள். அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகச் சொன்னாள், வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றும் சொன்னாள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் பிரதி நம் கைக்கு வந்தே ஆக வேண்டும், அது சட்டம். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மருந்தால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு என்பதெல்லாம் மருந்துச் சோதனைகளுக்கான 2019 அரசு விதிகளிலேயே இருக்கிறது, அந்தப் பக்கத்தை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

கவனிப்பு என்று பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் மாத்திரை டப்பாவைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், மிச்சத்தை ஒரு தட்டில் கொட்டி இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணுவாள் அந்தப் பொண்ணு. ஒரு தடவை நான்கு மாத்திரை கூடுதலாக இருந்தது. திட்டவில்லை, "எந்த நாளுங்கம்மா விட்டுப்போச்சு?" என்று மட்டும் கேட்டாள். சஷ்டி விரதம், சென்னிமலை படியேறின நாள் என்று அம்மா ஒவ்வொன்றாக யோசித்துச் சொல்ல, தேதி போட்டு எழுதிக்கொண்டாள். பதினொரு வருடத்தில் அம்மாவின் சர்க்கரையை இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை. மூன்று மாத சராசரி சர்க்கரை, கிட்னி, ஈ.சி.ஜி. எல்லாம் இலவசம்.

குறைகள் இரண்டு. வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டுமென்று விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் கிளம்பிப் போவோம், ஒரு நாள் ரத்தம் எடுப்பவர் வந்து சேரும்போது பத்தே கால். அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. தூரத்திலிருந்து வரும் சர்க்கரைக்காரர்களை முதலில் விட வேண்டாமா? இரண்டாவது, பஸ் செலவுப் பணம். தருவார்கள், ஆனால் மூன்று தடவை போனதற்குச் சேர்த்து நாலு மாதம் கழித்துத்தான் பாங்கில் ஏறியது. தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு அது சின்னப் பணம் இல்லை.

இன்னொன்றை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி முடிந்ததும் மருந்து நின்றுவிடும். வேறு வழியே இல்லாத கடுமையான நோய் என்றால், டாக்டர் பரிந்துரைத்து எத்திக்ஸ் கமிட்டியும் ஒத்துக்கொண்டால் இலவசமாகத் தொடர விதியில் இடம் உண்டு. சர்க்கரைக்கு வேறு மருந்துகள் இருப்பதால் அது பொருந்தவில்லை. அம்மா பழைய மாத்திரைக்கே வந்துவிட்டார். தான் சாப்பிட்டது எது, முடிவு என்ன என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. பதினான்கு மாதம் தன் ரத்தத்தைக் கொடுத்தவருக்கு ஒரு பக்கக் கடிதம் தமிழில் அனுப்பலாம்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. எங்கள் அப்பா இருபத்திரண்டு வருடம் நூல் மில்லில் ப்ளோ ரூமில், அதாவது பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் இடத்தில், வேலை பார்த்தவர். பஞ்சுத் தூசி. வார லீவு முடிந்து திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சை இறுக்கும், இரண்டு நாளில் சரியாகும். அப்படித்தான் ஆரம்பித்தது, இப்போது மாடி ஏற முடியவில்லை. பிசினோசிஸ் என்று பெயர், சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருப்பதுதான். அம்மாவுக்குத் துணையாக ஒவ்வொரு தடவையும் வந்து ஹாலில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா, கடைசி நாளில் டாக்டரிடம் கேட்டார்: "ஏனுங்க டாக்டர், பஞ்சுத் தூசிக்கு ஆராய்ச்சி ஏதும் இல்லீங்களா?"

டாக்டர் மழுப்பவில்லை. "இல்லீங்கய்யா. கம்பெனி எதுக்குப் பணம் கொண்டு வருதோ அதத்தான் இங்க பண்றோம். சர்க்கரை மாத்திரை உலகம் பூரா விக்கும். இதுக்கு அரசாங்கமோ காலேஜோதான் பணம் போடணும்."

அவர் சொன்னது நியாயம்தான். கம்பெனிப் பணம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், அம்மாவை அது நன்றாகப் பார்த்துக்கொண்டது. ஆனால் கோவையிலிருந்து திருப்பூர், ஈரோடு, கரூர் வரை பஞ்சும் நூலும் சாயமுமாகப் பிழைக்கிற ஊரில், அந்த நெஞ்சுகளைப் பற்றிய கேள்வியைக் கேட்க இங்குள்ள மருத்துவக் கல்லூரிகளும் மில் முதலாளிகளின் சங்கங்களும் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து பணம் ஒதுக்க வேண்டும்.

அம்மாவுக்கு அத்தனை டெஸ்ட்டும் இலவசமாக நடந்த அதே மருத்துவமனையில், அன்றைக்கே அப்பாவுக்கு மூச்சு ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டைக் கவுண்டரில் பணம் கட்டி எடுத்தோம்.