கடலூர் பக்கம் வயர்லெஸ் லிங்க் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

வீட்டிலிருந்து பண்ணைக்கோ, கடையிலிருந்து குடோனுக்கோ தட்டு (டிஷ் ஆன்டெனா) வைத்து நெட் கொண்டுபோக நினைப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, இப்படி வேலை பார்ப்பவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

எங்கள் இறால் குட்டை முதுநகருக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளைத் தாண்டி இருக்கிறது. வீட்டு மாடியிலிருந்து நேர்கோட்டில் 4 கிலோமீட்டர். செல்போன் சிக்னல் அங்கே ஒரு கட்டையோடு சரி. ராத்திரி கரண்ட் போய் ஏரேட்டர் நின்றால், தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கி விடிவதற்குள் குட்டையே காலி. அதனால் கேமராவும் அலாரமும் கட்டாயம் வேண்டும். சிசிடிவி மாட்டும் கடைக்காரர் ஒருவர் ரேடியோ, தட்டு, கம்பம், கேபிள் எல்லாம் சேர்த்து 72 ஆயிரம் சொன்னார். "பத்து கிலோமீட்டர் அடிக்கும் சார், நாலெல்லாம் ஒரு தூரமா?" என்றார். 2023 கோடையில் மாட்டினார், படம் வந்தது, பணத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அந்த வருட மழையிலேயே ஆரம்பித்துவிட்டது. தூறல் விழுந்தாலே படம் உறையும். அடுத்த வருடம் மணிக்கணக்கில் லிங்க்கே இருக்காது. போன் செய்தால் ஒரே பதில்: "மழை பெஞ்சா வயர்லெஸ் அப்படித்தான் சார்."

இது சுத்தப் பொய். நாங்கள் போட்டது 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. அதில் 4 கிலோமீட்டருக்குக் கொட்டுகிற மழைகூடச் சில டெசிபல்தான் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு) குறைக்கும். தூறல் ஒரு பொருட்டே இல்லை. மழையில் தடுமாறுவதெல்லாம் 60 கிகாஹெர்ட்ஸ் மாதிரி மேலே இருக்கும் அலைவரிசைகள்.

இதே தொழிலில் இருக்கும் பாண்டிச்சேரித் தம்பி ஒருவரை அழைத்து வந்தேன். அவர் ஏணியைத் தொடவில்லை. முதலில் பேப்பர் கேட்டார். ரேடியோ அனுப்பும் சக்தி 13 டிபிஎம், தட்டு குவித்துக் கூட்டிக் கொடுப்பது இரண்டு பக்கமும் 23 டிபிஐ, 4 கிலோமீட்டர் வெட்டவெளியில் இழப்பு சுமார் 120 டெசிபல். கூட்டிக் கழித்தால் வந்து சேரும் சிக்னல் மைனஸ் 61 டிபிஎம் காட்ட வேண்டும். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாக ஆக, சிக்னல் பலவீனம். ரேடியோவைத் திறந்து பார்த்தால் மைனஸ் 79. பதினெட்டு டெசிபல் குறைவு என்றால், வர வேண்டிய சக்தியில் அறுபதில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. போட்ட நாளிலேயே இது நொண்டிக்கொண்டுதான் ஓடியிருக்கும், வெயில் நாளில் தெரியவில்லை, அவ்வளவுதான். இந்தக் கணக்கைக் கடைக்காரர் போட்டுத் தரவே இல்லை.

அப்புறம் மேலே ஏறி, போல்ட்டைத் தளர்த்தித் தட்டை மெதுவாகத் திருப்பினார். சிக்னல் இன்னும் இறங்கியது. நின்றுவிடாமல் மேலும் திருப்ப, மறுபடி ஏறத் தொடங்கி முன்பைவிட மிக மேலே போனது. தட்டின் முக்கியக் கதிருக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கதிர்கள் உண்டாம். மொபைல் திசைகாட்டியை வைத்துக் குத்துமதிப்பாகத் திருப்புகிறவர், அப்படி ஒன்றில் சிக்னல் கிடைத்ததும் நட்டை இறுக்கிவிட்டு இறங்கிவிடுவார். எங்களுக்கு நடந்தது அதுதான்.

அப்படியும் மைனஸ் 68தான் வந்தது. மீதியைத் தின்றது சவுக்கு. லிங்க் போட்டபோது நடுவில் இருந்த தோப்பை அப்போதுதான் வெட்டியிருந்தார்கள். சவுக்கு சும்மா இருக்குமா? மூன்று நான்கு வருடத்தில் வெட்டுக்கு வரும் மரம். "அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியுதே சார்" என்று கடைக்காரர் சொன்னதும் உண்மைதான், மாடியிலிருந்து கம்பம் தெரிந்தது. ஆனால் ரேடியோவுக்குக் கண்ணுக்குத் தெரிவது போதாது. நேர்கோட்டைச் சுற்றி ஃப்ரெனல் மண்டலம் என்று ஒரு வெளி வேண்டும். எங்கள் தூரத்துக்கு நட்டநடுவில் அதன் ஆரம் சுமார் 7 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது 4 மீட்டருக்கு மேல், காலியாக இருக்க வேண்டும். நடுவில் கோடு போவதே 9 மீட்டர் உயரத்தில். மரம் 5 மீட்டரைத் தொட்டாலே இடிக்கும். நனைந்த தழை இன்னும் அதிகமாக விழுங்கும். மழையில் லிங்க் போனதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கேபிள். "அவுட்டோர், ஒரிஜினல் காப்பர்" என்று விற்றது வீட்டுக்குள் ஓட்டும் சாம்பல் நிற கேபிள். வெயிலில் மேலுறை வெடித்து, உள்ளே புகுந்த தண்ணீர் அப்படியே வழிந்து அடாப்டர் வரை வந்திருக்கிறது. நுழையும் இடத்துக்கு முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டியிருக்கும். தம்பி ஒரு கம்பியை எடுத்து பிளேடால் சுரண்டினார். சிவப்பு போய் வெள்ளை தெரிந்தது: செம்பு முலாம் பூசிய அலுமினியம். நீங்களும் வாங்கும்போதே சுரண்டிப் பார்க்கலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது.

எர்த்தும் இல்லை, மின்னலடித்தால் கேபிளில் பாயும் மின்சாரத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டரும் இல்லை. நட்டு போல்ட்டெல்லாம் உப்புக்காற்றில் துருவேறி ஸ்பேனருக்கே பிடி கொடுக்கவில்லை. கடலோரத்தில் எஸ்எஸ் 316 (உப்பைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு) அல்லது ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததை (உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது) கேளுங்கள்.

இதையெல்லாம் சரிசெய்வதற்குள் 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. இழுகம்பி ஒன்றுகூட இல்லாமல் நட்டு வைத்திருந்த 20 அடி பைப் மடங்கி, தட்டு குட்டைக்குள் கிடந்தது. "இயற்கைப் பேரிடருக்கு வாரண்டி இல்ல சார்" என்றார் கடைக்காரர். 2011 டிசம்பரில் தானே புயல் ஏறிய கரை இது. இங்கே கம்பம் நடுகிறவருக்குப் புயல் வரும் என்பது புதுச் செய்தியா?

இப்போது 12 மீட்டரில் இழுகம்பி கட்டிய டவர் நிற்கிறது. மைனஸ் 62 காட்டுகிறது, மழையானாலும். சவுக்கு இன்னும் வளரும் என்பதால் அடுத்த வெட்டு எப்போது என்று தோப்புக்காரரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொன்னேன், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்தேன். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எனக்கு இடிக்கிற இடம் பில்தான். "வயர்லெஸ் செட் 1" என்று ஒரே வரி. கேபிளின் கம்பெனியும் இல்லை, கம்பத்தின் கனமும் இல்லை. நீங்கள் கொட்டேஷன் வாங்கும்போது இவற்றோடு, இரண்டு முனையிலும் மைனஸ் எத்தனை காட்டும் என்ற எண்ணையும் எழுதி வாங்குங்கள். அந்த எண் திரையில் வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.