கடலோரத்தில் நீல ஹைட்ரேஞ்சியா பூக்கும் என்று சொல்லி 4,200 ரூபாயைச் சுருட்டிவிட்டான் – செடி வாங்குகிறவர்கள் உஷார்!

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்படி ஏமாந்தால் எங்கே போவது, யாரிடம் புகார் கொடுப்பது என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் வீடு மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கடலுக்குக் கூப்பிடு தூரம். கோடையில் எங்கள் வாசலில் பூவுக்குப் பஞ்சமே கிடையாது. காகிதப்பூ, செவ்வரளி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் சித்திரை வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அசராதவை. குண்டுமல்லிக்குச் சீசனே அப்போதுதான். பக்கத்தில் தங்கச்சிமடத்திலிருந்து மல்லிகை நாற்று கட்டுக்கட்டாக ஊர் ஊருக்குப் போகிறது. மதுரை மல்லி, மதுரை மல்லி என்று கொண்டாடுகிறீர்களே, அதற்கும் நாற்று இங்கிருந்துதான் போகிறது. நாற்று விற்கிற ஊர்க்காரியிடமே வேரில்லாத குச்சியை விற்றிருக்கிறான். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஹைட்ரேஞ்சியா ஆசை எனக்குக் கோத்தகிரியில் பிடித்தது. சித்தி வீட்டுப் படியோரம் வேலி மாதிரி நிற்கும், பந்து பந்தாக, நீலமும் ஊதாவுமாக. ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் அது வராது என்றுதான் இத்தனை வருடம் சும்மா இருந்தேன்.

அப்புறம் படமும் வீடியோவும் போடுகிற செயலி ஒன்றில் ஒரு செடிக்கடைப் பக்கம் கண்ணில் பட்டது. பசுமைக்குடில், வரிசையாகத் தொட்டிகள், ஒரு கை நீலப் பூங்கொத்தை மெதுவாகத் தட்டிக் காட்டுகிறது. நான் பார்த்த உடனே பணத்தைக் கட்டிவிடவில்லை. தெளிவாகக் கேட்டேன்: "எங்களுக்கு ராமநாதபுரம் கடற்கரை. மணல் தரை, கிணத்துத் தண்ணி உப்பு. இங்க இந்தச் செடி வருமா?"

எழுத்தில் பதில் வரவில்லை, குரல் பதிவு வந்தது. "அக்கா, நானும் பரமக்குடிப் பக்கந்தான்கா. நம்ம சூட்டுக்குன்னே பழக்கின செடிக்கா இது. உப்புக்காத்து, வெயிலு எல்லாம் தாங்கும். எந்த மண்ணுலயும் நீலமாத்தான் பூக்கும், மே மாசமே பாத்துருவீங்க. வேரோட வரும்கா. பூக்கலைன்னா முழுப் பணமும் திருப்பித் தரேன்." பின்னால் ஒரு குழந்தை 'அப்பா, அப்பா' என்று கூப்பிடுகிறது. அவன் 'இருடா தங்கம்' என்று சொல்லிவிட்டுத் திரும்ப என்னிடம் பேசுகிறான். நம்ம பக்கத்துப் பிள்ளை, குடும்பஸ்தன், வெயிலும் உப்பும் தெரிந்தவன் என்று நம்பினேன். யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

ஆறு செடி 3,600. பூவை நீலமாக்கும் பொடி 350. கூரியர் 250. மொத்தம் 4,200 ரூபாய். உயிருள்ள செடி என்பதால் பார்சல் வந்த பிறகு காசு தருகிற வசதி கிடையாதாம், முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். ஸ்கேன் செய்து அனுப்பினேன். சீட்டு எடுத்த காசு.

பெட்டி வந்தது. ஆறு பிளாஸ்டிக் கப், தென்னைநார்த் தூள், மேலே சுற்றி டேப். மூன்றில் இலையே இல்லை, பென்சில் தடிமனில் மொட்டைக் குச்சி. ஒன்றை லேசாகத் தூக்கினேன், வாழைப்பழத்தில் குத்தின ஊதுபத்தி மாதிரி கையோடு வந்துவிட்டது. அடியில் சாய்வாக வெட்டின வெட்டு, பச்சை கூடக் காயவில்லை. வேர் என்று ஒரு நூல் இல்லை. மற்ற மூன்றில் இலை இருந்தது. ஓரம் பல் பல்லாக, எதிரெதிர் இலை, பார்க்க ஹைட்ரேஞ்சியா சாயல்தான். மாமியார் ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இது உண்ணிச்செடிடி. ஆடு கூட வாய் வைக்காது." தண்டைத் தடவினால் நாலு பட்டை, பொடி முள். ரோட்டோரம் சும்மா கிடக்கிற செடி. ஒன்று 600 ரூபாய்!

அந்த நீலப் பொடியைப் பிரித்தால் வெள்ளையாக உடைத்த கல். நுனி நாக்கில் வைத்தால் துவர்க்கிறது. படிகாரம். 350 ரூபாய்க்கு நாட்டு மருந்துக் கடையில் ஒரு பை நிறையத் தருவார்கள்.

கோத்தகிரிக்குப் போன் போட்டேன். சித்தி சிரிக்கவா திட்டவா என்று தெரியாமல் விளக்கினார். பூவை நீலமாக்குவது மண்ணில் இருக்கிற அலுமினியம். மண் புளிப்பாக, அதாவது புளிப்பை அளக்கிற பி.எச். எண் 5.5-க்குக் கீழே இருந்தால்தான் செடியால் அதை எடுக்க முடியும். தேயிலை விளைகிற மலை மண் அப்படிப்பட்டது. எங்கள் மணலோ சிப்பியும் பவளக்கல்லும் நொறுங்கின சுண்ணாம்பு. அலுமினியம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும், அலுமினியம் இருக்கிற படிகாரத்தை ஒரு பிடி போட்டாலும் சுண்ணாம்பு அதை முறித்துவிடும். தப்பிப் பிழைத்தாலும் இளஞ்சிவப்புதான் வருமாம். இன்னொன்று, இந்தப் பந்துப்பூ வகை பெரும்பாலும் போன வருடக் கொம்பின் நுனியில்தான் மொட்டு கட்டும். நுனியை நறுக்கி அனுப்பின குச்சியில் மே மாதம் எங்கிருந்து பூக்கும்? குளுமையும் ஈரமும் கேட்கிற செடி, மத்தியான வெயில் பட்டாலே இலை கருகும். ஆக, அசல் செடியையே அனுப்பியிருந்தாலும் அவன் சொன்ன நீலம் இங்கே கிடையாது. செடி விற்கிறவனுக்கு இது தெரியாதா?

இனி அவன் பதில்களைப் பாருங்கள். முதலில் "டிராவல்ல செடி டயர்டா இருக்கும்கா, நிழல்ல வைங்க, துளிர்த்துரும்." குடிக்க வாங்குகிற காவிரித் தண்ணீரை அந்தக் குச்சிகளுக்கு ஊற்றினேன். அடுத்து "தண்ணி அதிகமாயிருச்சு." பிறகு "தண்ணி பத்தல." உண்ணிச்செடியைப் படம் பிடித்து அனுப்பினால் "அது வேற வெரைட்டி." கடைசியாக வந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது: "உங்க ஊரு உப்புக்காத்துக்கு ஹைட்ரேஞ்சியா எப்படி வரும் மேடம்?" காசு வாங்குகிற வரைக்கும் அக்கா, வாங்கின பிறகு மேடம்! தாங்கும் என்று அவனே சொன்ன குரல் பதிவை அவனுக்கே திருப்பி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பூ நீலம் ஆகவில்லை, டிக்காவது ஆயிற்று. "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா? கட் பண்ணாம?" என்றான். பிறகு "டீம் பாத்துட்டு இருக்காங்க." பிறகு "ஓனர் வெளியூர்." பிறகு பிளாக். வீட்டுக்காரர் போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் வைத்துவிட்டான்.

செயலியில் புகார் செய்தால் 'இந்தப் பக்கம் எங்கள் விதிகளை மீறவில்லை' என்கிறது. பேங்கில் "நீங்களே அனுப்பின பணம்தானே" என்கிறார்கள். அக்கா மகன் அந்தப் படங்களைத் தேடிப் பார்த்தான். ஜூன் மழைக்கால ஜப்பான் தோட்டமாம். பரமக்குடியாம் பரமக்குடி!

"செடிதானே, 4,200 தானே, விடு" என்று வீட்டிலேயே சொல்கிறார்கள். 4,200 ரூபாய் எங்கே காய்த்துத் தொங்குகிறது?

விவரமாக எழுதலாம் என்றுதான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் போனது தெரிந்த உடனே இணையமோசடிப் புகார் எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், நாள் கடத்தாதீர்கள். நுகர்வோர் உதவிக்கு 1915. 2020-இல் வந்த மின்வணிக விதிப்படி ஆன்லைன் விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும். எழுத்தில் அனுப்பிக் கேளுங்கள். சாட், குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். சமவெளியில் நீல ஹைட்ரேஞ்சியா என்று எவன் சொன்னாலும் காசு கொடுக்காதீர்கள். நான் புகார் பதிந்திருக்கிறேன், எண் வந்திருக்கிறது, பணம் வரவில்லை.

அந்தப் பக்கம் இப்போது பெயரை மாற்றிக்கொண்டு, அதே பசுமைக்குடில் வீடியோவை வைத்துக்கொண்டு, குங்குமப்பூக் கிழங்கு விற்கிறது. கீழே ஒரு அம்மா 'தூத்துக்குடியில வருமா தம்பி?' என்று கேட்டிருக்கிறார். 'சூப்பரா வரும்மா' என்று பதில். நான் போட்ட கமெண்ட்டை உடனே அழித்துவிட்டான். தூத்துக்குடிப் பக்கம் உள்ளவர்கள் இதைப் பகிருங்கள், அந்த அம்மா பணம் கட்டுவதற்குள் போய்ச் சேரட்டும்.