நகோன் சி தம்மராட்டில் தங்க: ரயிலடி லாட்ஜா, புதுக் கிளை ஹோட்டலா?

தென் தாய்லாந்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் புக்கெட், கிராபி, சாமுய் என்று கடற்கரைகளோடு நின்றுவிடுகிறார்கள். கிழக்குக் கரையை ஒட்டிய நகோன் சி தம்மராட் பக்கம் திரும்புவோர் குறைவு. தமிழர்கள் அவசியம் திரும்பவேண்டிய ஊர் அது. 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கடற்படை வென்ற ஊர்களை மெய்க்கீர்த்தி வரிசைப்படுத்தும்போது மாதமாலிங்கம் என்று ஒரு பெயர் வருகிறது. அது தாம்பிரலிங்கம் என்ற பழைய அரசு என்றும், அதன் மையம் இந்த வட்டாரமே என்றும் வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். சிவனுக்கும் திருமாலுக்குமான இரண்டு சிறு கோயில்கள் நகரின் நடுச்சாலையில் இன்றும் எதிரெதிரே நிற்கின்றன.

பார்க்க வேண்டியவை பல இருந்தும், தங்குமிடத்தைத் தவறான மூலையில் பிடித்துவிட்டு ஊரைச் சரியாகப் பார்க்காமலே திரும்புகிறவர்கள் உண்டு. காரணம் ஊரின் வடிவம். வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் நகரம் இது. ராஜதம்னூன் சாலைதான் அதன் முதுகெலும்பு. வடக்கில் ரயில் நிலையமும் தா வாங் கடைவீதியும் இருக்கின்றன. தெற்கே இறங்கினால் நகர மைதானம், பழைய கோட்டைச் சுவர், அந்த இரண்டு கோயில்கள், பிறகு பெரிய தாதுகோபுரம் கொண்ட வாட் பிரா மஹாதாத் என்ற பௌத்த விகாரை, அதற்கும் தெற்கே அருங்காட்சியகம். ரயில் நிலையத்திலிருந்து மஹாதாத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வரும். கிழக்கே பட்டனாகான் கூகுவாங் என்ற அகலமான சாலை வேறு உலகம்: கார் வைத்திருப்பவர்களுக்காக அமைந்த கடைகளும் பெரிய கட்டடங்களும். ஆகவே எந்த ஹோட்டல் என்ற கேள்வி, எந்தச் சாலையில் இறங்கப்போகிறோம் என்ற கேள்வியும்கூட.

ரயிலடி லாட்ஜ்களை முதலில் பார்ப்போம். ரயில் போகும் தாய்லாந்து மாகாண நகரங்கள் பலவற்றில் நிலையத்தைச் சுற்றி இப்படிப்பட்ட நான்கைந்து மாடிக் கட்டடங்களைக் காணலாம். பெரும்பாலும் சீன வம்சாவளிக் குடும்பங்கள் கட்டி நடத்துபவை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சீனச் சாமி மாடம், பக்கத்தில் விலைப்பலகை. ஃபேன் அறை ஒரு விலை, ஏசி அறை ஒரு விலை. 300 பாட்டிலிருந்து 550 பாட்டுக்குள் வேலை முடிந்துவிடும். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல். கட்டில் அகலம், மெத்தை கட்டாந்தரைபோல் கெட்டி. குளியலறையில் கழுவுகுழாய் உண்டு. தண்ணீர் இல்லாத கழிப்பறையைக் கண்டு அஞ்சுகிற நம்மவர்களுக்கு தாய்லாந்து பெரிய நிம்மதி. நாளுக்கு இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, சோப்பு. அவ்வளவுதான்.

எனக்கு இவை பிடித்ததற்குக் காரணம் விலை மட்டுமல்ல. பாங்காக்கிலிருந்து மாலையில் கிளம்பும் ரயில் மறுநாள் முற்பகலில் இங்கே வந்து சேர்கிறது. புதிய ஹோட்டல்களில் பிற்பகல் 2 மணிக்கு முன் அறை தரமாட்டார்கள், கணினி அனுமதிக்காது. லாட்ஜில் அறை காலியாக இருந்தால் அந்த நேரத்திலேயே சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். குளித்துவிட்டு வெளியே வந்தால் ராஜதம்னூன் சாலையில் சொங்தேவ் எனப்படும் பெஞ்சு போட்ட சிறு வண்டிகள் தெற்கே ஓடிக்கொண்டிருக்கும்; கை காட்டினால் நிற்கும், சில்லறைக் காசில் மஹாதாத் வாசலில் இறக்கிவிடும். இந்த வசதிக்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. இருட்டியதும் அந்த வண்டிகள் அருகிவிடும் என்பதால், மாலையில் சாப்பிடும் இடங்களுக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கியிருப்பது இன்னொரு லாபம்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பழைய கட்டடம் என்றால் பழைய ஏசி. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் அறை எனக்கு வாய்த்திருக்கிறது. சாலைப்பக்க அறைகளில் விடியற்காலையிலேயே மோட்டார் சைக்கிள் சத்தம் தொடங்கிவிடும். லிஃப்ட் இல்லாத இடங்களில் நான்காம் மாடி அறை மூட்டுவலிக்காரர்களுக்கு ஆகாது. பல இடங்களில் ஆங்கிலம் நடக்காது. விரல்களாலும் கைபேசி மொழிபெயர்ப்பாலும் சமாளிக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் அறையைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. ஏசியைப் போட்டுப் பாருங்கள், படுக்கை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்க அறை, இரண்டாம் மாடி என்று கேட்டு வாங்கினால் பாதிக் குறை போய்விடும்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவை ஒரே பெயரில் ஊர்தோறும் கிளை திறக்கும் புதிய ஹோட்டல்கள். ஹாப் இன் இவற்றில் முன்னோடி. பாங்காக்கின் கிராண்ட் ஹயாட் எரவான் போன்ற ஆடம்பர ஹோட்டல்களை வைத்திருக்கும் எரவான் குழுமம் 2014-இல் தொடங்கிய பிரிவு அது. மாகாண நகரங்களையே குறிவைத்து வளர்ந்தது. சொந்தக் காரில் ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதிகள், சொந்த ஊர் வரும் குடும்பங்கள், அரசு வேலையாக வருகிறவர்கள் இதன் வாடிக்கையாளர்கள். எனவே விசாலமான கார் நிறுத்துமிடம் முதலில், மற்றவை பிறகு. அறைகள் எல்லா ஊரிலும் ஒரே அச்சு: சிறியவை, வெள்ளை விரிப்பு, நல்ல மெத்தை, ஓசையில்லாத ஏசி, தங்குதடையில்லாத வைஃபை. நாளைப் பொறுத்து 700 முதல் 900 பாட் வரை ஆகும். உணவகம் கிடையாது.

சுத்தத்தில் இவற்றோடு லாட்ஜ்கள் போட்டிபோட முடியாது. சிறு குழந்தையோடோ வயதான பெற்றோரோடோ போகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். தனியாகவோ இருவராகவோ, கார் இல்லாமல் போகிறவர்களுக்குச் சொல்லமாட்டேன். இத்தகைய ஹோட்டல்கள் காரோட்டிகளுக்கு வசதியான சாலைகளைத் தேடி அமைபவை. அங்கிருந்து ஒவ்வொரு முறையும் செயலியில் வண்டி அழைக்க வேண்டும். ஒரு நாளில் மூன்று முறை அழைத்தால் அறை வாடகையில் பாதி அதற்கே போய்விடும். அதைவிட முக்கியமான இழப்பு ஒன்று உண்டு. நகோனின் காலை, தெருவில்தான் நடக்கிறது: நொதித்த அரிசிமாவில் பிழிந்த கனோம் சீன் நூடுல்ஸ்மேல் மீன்குழம்பை ஊற்றி, பக்கத்தில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகளை வைத்துத் தரும் கடைகள், முஸ்லிம் கடைகளில் கல்லில் விசிறிப் போடும் ரொட்டியும் பால் தேநீரும். இடியாப்பம் தின்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கனோம் சீன் முதல் வாயிலேயே பழகிவிடும். தங்குமிடத்திலிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அங்கே நடந்து போக முடிகிறதா என்பதுதான் என் அளவுகோல். சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடைகள் இறைச்சியும் மீன்குழம்பும் இல்லாத ஜே உணவு தருபவை, அவையும் கடைவீதிப் பக்கமே அதிகம் தென்படும்.

பெரிய மாநாட்டு ஹோட்டல்கள் மூன்றாவது வகை. கூகுவாங் சாலையின் ட்வின் லோட்டஸ் இதற்கு உதாரணம். நீச்சல்குளம், காலைப் பந்தி எல்லாம் உண்டு. இந்த வகையில் ஆயிரம் பாட்டுக்கு மேல் போகும். சில இடங்களில் அறிவித்த விலைக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணமும் 7 சதவீத வரியும் சேருமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிக்கனப் பயணத்துக்கு இவை தேவையில்லை.

கோட்டைச் சுவருக்குள், மஹாதாத் பக்கம், வீட்டறைகளை வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. இருப்பிடம் அருமை. ஆனால் 2004-ஆம் ஆண்டின் ஹோட்டல் சட்டப்படி உரிமம் பெற்ற இடம்தானா, வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்கிறார்களா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பதிவுசெய்கிறவரிடம் எரிச்சல் வேண்டாம். கேட்காதவரிடம்தான் எச்சரிக்கை வேண்டும். எந்த வகையானாலும் நம்மூர் மூன்று முனைப் பிளக் அங்கே நுழையாது, அடாப்டர் எடுத்துப் போங்கள்.

காலமும் கணக்கில் வரும். நவம்பரில் மேற்குக் கரையில் வெயில் திரும்பிச் சுற்றுலாப் பருவம் தொடங்கும்போது, நகோனில் நமக்குத் தெரிந்த அதே வடகிழக்குப் பருவமழை கொட்டும். தெருக்களில் வெள்ளம் ஏறும் ஆண்டுகளும் உண்டு. அப்போது அறைகள் எளிதாகக் கிடைக்கும், ஆனால் தரைத்தள அறை வேண்டாம்.

திருவிழா நாட்களில் என் பரிந்துரை தலைகீழாகும். பௌத்தர்களின் மாக பூஜையின்போது நீளமான துணியை ஊர்வலமாகச் சுமந்துவந்து மஹாதாத்தின் தாதுகோபுரத்தில் சுற்றுவார்கள். தாய் சந்திர நாட்காட்டியின் பத்தாம் மாதத் திருவிழாவில் முன்னோருக்குப் படையலிடுவார்கள். பெரும்பாலும் நம் மகாளய பட்சத்தை ஒட்டி வரும் அந்த நாட்களில் வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் எல்லாம் வீடு திரும்புவார்கள். பல லாட்ஜ்களில் இணையப் பதிவு கிடையாது. தொலைபேசியில் தாய் மொழியில் பேசத் தெரிந்தவர்களுக்கே அறை முன்கூட்டி அமையும். இந்த இரண்டு சமயங்களில் மட்டும் ரயிலடியை நம்பிப் போகாமல், கிளை ஹோட்டலில் ஒரு மாதத்துக்கு முன்பே பணம் கட்டி அறையை உறுதிசெய்துகொள்ளுங்கள்.