ஜிம்னியைத் தூக்க ஸ்பேசரா, முழு செட்டா?

மாருதி சுசுகி ஜிம்னியின் கிரவுண்ட் கிளியரன்ஸ் கம்பெனியிலிருந்து வரும்போதே 210 மி.மீ. அது போதாமல் இன்னும் இரண்டு அங்குலம் தூக்க நினைப்பவர்களுக்கு இரண்டு வழி: பழைய ஸ்பிரிங்கோடு ஸ்பேசர் என்ற தடித்த வளையத்தைச் செருகலாம், இல்லையென்றால் நீளமான ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் என்று முழு செட்டையும் மாற்றலாம்.

ஸ்பேசருக்குச் செலவு குறைவு. ஸ்பிரிங் பழையதே என்பதால் அதன் மென்மையும் மாறாது. ஆனால் ஷாக்கும் பழையதுதானே? வண்டி உயர்ந்ததும் அது ஏற்கெனவே நீண்டபடி நிற்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்கப் போதிய தூரம் இருக்காது. 'டொக்' என்று கடைசிவரை இழுபட்டு நிற்கும். சக்கரம் அந்தரத்தில், பிடிப்பு போச்சு. சரியாகத் தேர்ந்த முழு செட்டில் இந்தத் தொல்லை குறைவு. என்ன, சுமைக்கென்று செய்த கடின ஸ்பிரிங் என்றால் காலி வண்டி தூக்கிப் போடும்.

எதைப் போட்டாலும் காஸ்டர் கோணத்தை, அதாவது பக்கவாட்டில் பார்த்தால் முன்சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு பின்னால் சாய்ந்திருக்கும் அளவை, கவனிக்க வேண்டும். ஜிம்னிக்குப் பின்னால் போலவே முன்னாலும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புத் தண்டுதான். வண்டியை உயர்த்தினால் அந்தத் தண்டு சற்றே சுழன்று காஸ்டர் கோணம் குறைகிறது. நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் அலையும். அலைன்மென்ட் பார்த்து, தேவைப்பட்டால் கோணத்தைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ் (பிரேக் ஆயில் போகும் குழாய்) இழுபடுகிறதா என்றும் பாருங்கள்.

முழு செட்டுக்குக் காசு இல்லையென்றால், தூக்காமல் விடுவதற்கே என் ஓட்டு. அப்புறம், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.