டைமிங் பெல்ட் ஆன்லைனில் வாங்கி 30,450 ரூபாய் போனது – தயவுசெய்து படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுத்து வந்தேன். பட்டறைக்கு 24,300, இழுத்து வந்த வண்டிக்கு 3,500, இத்தனைக்கும் காரணமான அந்தப் பெல்ட் செட்டுக்கு 2,650. ஆக 30,450 ரூபாய். அதில் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டோம் என்று அந்த ஆன்லைன் தளத்திலிருந்து இன்று காலை மெயில் வந்துவிட்டது. படித்த சூட்டோடு உட்கார்ந்து எழுதுகிறேன். சொந்தமாக வண்டி வேலை பார்க்கிறவர்கள் முழுசாகப் படியுங்கள். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது 2009 மாடல் சான்ட்ரோ ஜிங். ஆயில், பிரேக் பேட், கூலன்ட், பிளக் எல்லாம் பத்து வருஷமாக நானேதான் மாற்றுகிறேன். இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் இயங்க வைக்கிற பல் வைத்த பெல்ட்தான் டைமிங் பெல்ட். அதையும் ஐந்து வருஷத்துக்கு முன்னால் நானே மாற்றினேன், அது 55,000 கிலோமீட்டர் ஓடியது. அடுத்தது மாற்ற நேரம் வந்ததும் பெல்ட்டும் அதைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரும் சேர்ந்த செட்டை ஆன்லைனில் தேடினேன். பெரிய தளம். எல்லார் போனிலும் இருக்கும். அதில் ஒரு விற்பனையாளர் 2,650க்குப் போட்டிருந்தார். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற உதிரிபாகக் கடையில் 3,550 சொன்னார்கள். 900 ரூபாய் வித்தியாசம்.

உடனே வாங்கிவிடவில்லை. பார்சலோடு விலைப்பட்டியல் வருமா என்று தளத்தின் வழியாகக் கேட்டேன். அந்த விற்பனையாளரே கூப்பிட்டார். நல்ல தமிழ், பணிவான பேச்சு. "அண்ணே, டைமிங் பெல்ட்ல விளையாட முடியுமாண்ணே? அறுந்தா இன்ஜினே போயிடும்னு எனக்குத் தெரியாதா? என் சொந்த வண்டியில இதத்தான் போட்டிருக்கேன்" என்றார். இதைத்தான் நான் நம்பினேன். பெல்ட் அறுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்த ஒருவர் போலியை விற்கமாட்டார் என்று நினைத்தேன். போனை வைத்ததும் பணம் கட்டினேன்.

பெட்டி, ஹோலோகிராம் ஸ்டிக்கர், பாகத்தின் எண் எல்லாம் சரியாக இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாட்டினேன். முதல் சிலிண்டரை மேலே கொண்டுவந்து, வால்வுகளைத் திறக்கிற கேம் தண்டின் புல்லி மார்க்கையும் பிஸ்டன்களோடு சேர்ந்த கிராங்க் தண்டின் மார்க்கையும் சேர்த்து, டென்ஷனரை இறுக்கி, கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி மார்க்கைப் பார்த்தேன். இம்மி விலகவில்லை. ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைத்தேன். மூன்றரை மாதம், 2,900 கிலோமீட்டர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

மூன்று வாரத்துக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தோம். பின்சீட்டில் அம்மாவும் என் மகளும். கொடைரோடு டோல்கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எண்பதில் போகும்போது, டப்பென்று ஒரு சத்தம். இன்ஜின் நின்றுவிட்டது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் ஒன்றாக எரிந்தன. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. இன்ஜின் நின்றால் பிரேக் இரண்டு மிதிக்கு மேல் கேட்காது என்று தெரியும், அதனால் மிதித்த காலை எடுக்கவே இல்லை. பின்னால் வந்த கன்டெய்னர் லாரி ஹார்ன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது. அந்த லாரிக்காரர் ஒரு நொடி அசந்திருந்தால் என்று இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மகளை இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பினேன். வழக்கமாக ஸ்டார்ட்டர் திணறித் திணறிச் சுற்றும். அன்று எந்தத் தடையும் இல்லாமல் கிர்ரென்று வேகமாகச் சுற்றியது. சிலிண்டருக்குள் காற்று அழுந்தவே இல்லை, அதாவது கம்ப்ரெஷனே இல்லை. அதற்கு அர்த்தம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். கேம் நின்றுவிட்டது, பிஸ்டன்கள் மட்டும் ஏறி வந்து திறந்திருந்த வால்வுகளை இடித்திருக்கின்றன.

பட்டறையில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கியபோது கூடவே இருந்தேன். பிஸ்டன் தலைகளில் நகம் பதிந்த மாதிரி பிறைப் பிறையாகத் தழும்பு. பன்னிரண்டு வால்வில் ஏழு வளைந்திருந்தன. மெக்கானிக் அண்ணன் பெல்ட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அது அறவில்லை. கிராங்க் பக்கம் பதினொரு பல் வரிசையாக மழித்து எடுத்ததுபோல் போயிருந்தது. அடுத்த பல்லைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பினார், மேலே ஒட்டியிருந்த துணி தோலாக உரிந்து வந்தது. பெட்ரோல் நனைத்த துணியால் ஒரு துடை துடைத்தார், கம்பெனிப் பெயர் மையோடு அழிந்துவிட்டது. டென்ஷனர் பேரிங் காய்ந்து நீலம் பாரித்திருந்தது, கையில் சுற்றினால் மணல் அரைக்கிற சத்தம். "தம்பி, நீங்க மாட்டினதுல தப்பே இல்ல, மார்க்கெல்லாம் சுத்தமா இருந்திருக்கு. சரக்குதான் டூப்ளிகேட்டு" என்றார்.

அன்றிரவே விற்பனையாளரைக் கூப்பிட்டேன். முதல் தடவை, "கிராஸ் செக் பண்ணிட்டுக் கூப்பிடுறேண்ணே." இரண்டாம் தடவை, "நீங்களே மாட்டுனீங்களா? அப்ப மாட்டுனதுல மிஸ்டேக் இருக்கும்." அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மாட்டியதற்கு ஜாப் கார்டு, அதாவது வேலை பார்த்த சீட்டு, இருக்கிறதா என்று வேறு கேட்டார். வாங்கும்போது நானே மாட்டப்போகிறேன் என்று இதே ஆளிடம்தான் சொன்னேன், "தாராளமா மாட்டலாம்ணே" என்றவர் இவர்தான். அதற்குப் பிறகு என் எண்ணைப் பிளாக் செய்துவிட்டார்.

தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு தடவையும் புது ஆள், ஒவ்வொரு தடவையும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். "ரிட்டர்ன் செய்ய 10 நாள்தான் சார், முடிந்துவிட்டது." டைமிங் பெல்ட் போலி என்று பத்து நாளில் யாருக்குத் தெரியும்? குறைதீர் அலுவலருக்குப் போட்டோக்களோடு எழுதினேன். சட்டப்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். சொன்னார்கள். இன்று தீர்வும் தந்துவிட்டார்கள். "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, பொருளுக்கு விற்பனையாளரே பொறுப்பு." புகார் முடிக்கப்பட்டதாம். அந்த விற்பனையாளரின் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. அதே பெல்ட் செட், அதே 2,650. இதை எழுதும் முன் பார்த்தேன்.

அவர்களுக்கு 2,650. எனக்கு 30,450. பணம்கூட அப்புறம், பின்சீட்டில் யார் இருந்தார்கள் என்று அந்த மெயில் எழுதியவருக்குத் தெரியுமா?

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. டைமிங் பெல்ட், டென்ஷனர், பிரேக் சாமான் மூன்றையும் கம்பெனி அங்கீகாரம் உள்ள கடையில் நேரில் போய், பில்லோடு வாங்குங்கள். மாட்டுவதற்கு முன் பெல்ட்டில் உள்ள எழுத்தைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்துப் பாருங்கள், அழிந்தால் திருப்பிக் கொடுங்கள். பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். விற்கிறவர் போனில் சொல்வதை எழுத்தில் கேளுங்கள். அப்புறம், இந்த மூன்று நான்கு மாதத்தில் யாராவது ஆன்லைனில் பெல்ட் செட் வாங்கி மாட்டியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். முதலில் பெல்ட்டை மூடியிருக்கும் கவரைக் கழற்றிப் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுப் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். பெல்ட், டென்ஷனர், வளைந்த ஏழு வால்வு, பெட்டி எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி வைத்திருக்கிறேன்.