செகண்ட் ஹேண்ட் ஈக்கோஸ்போர்ட்: எந்த எஞ்சின் என்பதுதான் முதல் கேள்வி

சென்னையை அடுத்த மறைமலை நகரில் தயாரான சிறிய எஸ்யூவி காரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 2013-இல் விற்பனைக்கு வந்தது. 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்ததோடு இங்கே புது வண்டிக்கு வழியில்லாமல் போனது. கம்பெனி போய்விட்டதே என்று பயந்து பலர் ஒதுங்குகிறார்கள். ஓட்டவும் உட்காரவும் உறுதியான வண்டி இது, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடையே 200 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் உண்டு. ஆனால் ஒரே பெயரில் குணம் வேறான பல வண்டிகள் ஓடுகின்றன. அதனால் முதலில் எஞ்சினைப் பாருங்கள்; நிறம், கிலோமீட்டர், விலை எல்லாம் அப்புறம்.

நம் தேர்வு 100 பிஎஸ் (குதிரைத்திறன்) டீசல், மேனுவல் கியர். 2015 கடைசிவரை வந்தது 90 பிஎஸ். அதே 1.5 டிடிசிஐ டீசல் எஞ்சின் ஃபோர்டின் ஃபிகோ, ஆஸ்பையர் கார்களிலும் இருந்ததால் எஞ்சின் சாமான்களுக்கு அலைய வேண்டாம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது 'உஸ்' சத்தத்தோடு இழுவை குறைந்தால் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கும்; சின்ன வேலைதான். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் அடியில் தார் மாதிரி கறுப்பு படிந்திருந்தால் செம்பு வாஷர் கசிகிறது. அதைக் கவனிக்காமல் விட்டால் இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடு. எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. பெல்ட், அதை இறுக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப் நான்கையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். பம்ப்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. கிளட்ச் மாற்றும்போது கியர் பாக்ஸுக்குள் இருந்து கிளட்சை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது கசிகிற அன்று கியர் பாக்ஸை மறுபடி இறக்கணும், கூலி இரட்டிப்பு.

பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இருக்கிறது. தினமும் ஐந்து கிலோமீட்டர் பள்ளிக்கூடம், கடை என்று மட்டும் ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட ஓட்டத்துக்குப் பெட்ரோலே சரி.

பெட்ரோலில் கவனம் கூடுதலாக வேண்டும். 2017 நவம்பர் ஃபேஸ்லிஃப்டில் (புதுப்பித்த மாடலில்) வந்த மூன்று சிலிண்டர் 'டிராகன்' எஞ்சினிலும், 1.0 ஈக்கோபூஸ்ட் டர்போ எஞ்சினிலும் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. கண்ட ஆயிலை ஊற்றினாலோ, ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டாலோ பெல்ட் உரிந்து, அந்தத் துகள்கள் ஆயில் பம்ப் சல்லடையை அடைக்கும்; பிரஷர் விழும், எஞ்சின் போகும். ஈக்கோபூஸ்ட்டுக்கு 5டபிள்யூ-20, ஃபோர்டு 948-பி தர ஆயில்தான். சர்வீஸ் பில்லில் ஆயிலின் பெயரைப் படியுங்கள். வெறும் 'ஆயில் சேஞ்ச்' என்று எழுதியிருந்தால் விலைபேசும் முன் சம்ப்பை (எஞ்சினுக்கு அடியிலுள்ள ஆயில் தொட்டி) கழற்றிச் சல்லடையைப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் சம்மதிக்கவில்லையா, அடுத்த வண்டி. ஈக்கோபூஸ்ட்டில் கூலன்ட் குறைகிறதா என்பதையும் பாருங்கள். கூலன்ட் குழாய் வெடித்து எஞ்சினின் ஹெட் வளைந்தால் லாபமெல்லாம் போச்சு.

ஃபேஸ்லிஃப்டுக்கு முந்தைய பவர்ஷிஃப்ட் ஆட்டோமேட்டிக் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். உலர் இரட்டைக் கிளட்ச், ஊர்ந்து போகும் டிராஃபிக்கில் உதறும். அதை இயக்கும் மின்னணு கன்ட்ரோல் மாட்யூல் போனால் செலவு கட்டுப்படியாகாது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் ஃபேஸ்லிஃப்டில் வந்த, திரவத்தின் வழியே சக்தியைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் கியர் பாக்ஸைத் தேடுங்கள்.

பாடியில் முதலில் பின்கதவு. ஸ்டெப்னி அதில் தொங்குவதால் பின்னாலிருந்து மெல்ல இடித்தாலே டயர் கதவை உள்ளே தள்ளிவிடும். கதவைப் பாதி திறந்து மேலும் கீழும் அசையுங்கள். கீல் ஆட்டம், சமமில்லாத இடைவெளி, புதுப் பெயின்ட் தெரிந்தால் கேள்வி கேளுங்கள். இந்த மாதிரி பெரிய பாடி பார்ட்ஸ், ஹெட்லேம்ப், டச் ஸ்கிரீன் இவற்றுக்குத்தான் காத்திருக்க வேண்டிவரும். ஃபில்டர், பிரேக் பேட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் வெளிச்சந்தையில் உண்டு.

சென்னை வண்டியென்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கறை பாருங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி முகருங்கள். ஃபோர்ஸ்கேன் செயலியை, வண்டியின் ஓபிடி (பழுதறியும்) சாக்கெட்டில் செருகும் அடாப்டரோடு இணைத்து எல்லா மாட்யூல்களின் ஃபால்ட் கோடுகளையும் படித்துவிடலாம். சாவி இரண்டும் இருக்கட்டும்.

குடும்பத்துக்கு என்றால்: பின்சீட்டில் இரண்டு பெரியவர், ஒரு குழந்தை தாராளம், மூன்று பெரியவர் நெருக்கடி. பின்னால் ஏசி வென்ட் கிடையாது. டிக்கி 352 லிட்டர்.

பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு டில்லியில் கட்டுப்பாடுகள் வந்ததால் அங்கிருந்து வரும் வண்டி மலிவாகத் தெரியலாம். படிவம் 28 என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, ஆயுட்கால வரி மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். உள்ளூர் வண்டியின் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. லோன் இருந்திருந்தால் அதை நீக்க 35. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்றுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, எனவே அந்தத் தொகையை விலைபேசும்போதே கழித்துக்கொள்ளுங்கள்.