இலவச பாஸுக்காகச் சேராதீர்கள்: ஸ்கி பேட்ரோல் தன்னார்வலர் பயிற்சி குறித்து ஒரு மதிப்பீடு

பனிச்சறுக்கு மலைகளில் அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்து கீழே கொண்டுசேர்ப்பவர்களை ஸ்கி பேட்ரோலர் என்பார்கள். வெர்மான்ட் மாநிலத்தின் சிறிய மலை ஒன்றில் அந்தத் தன்னார்வப் பயிற்சியை இரண்டு குளிர்காலங்களில் முடித்து, சென்ற மார்ச்சில் பேட்ரோலருக்குரிய சிவப்பு மேலங்கியைப் பெற்றவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அமெரிக்காவில் இப்பயிற்சிக்குப் பாடத்திட்டம் வகுத்துச் சான்றிதழ் தருவது நேஷனல் ஸ்கி பேட்ரோல் என்ற அமைப்பு. கற்பிப்பவர்களும் கால அட்டவணையும் அந்தந்த மலையைப் பொறுத்தவை. ஆகவே பாடத்திட்டத்துக்கு ஒரு மதிப்பெண்ணும், நான் பயின்ற மலைக்கு வேறொரு மதிப்பெண்ணும்தான் என்னால் தர முடியும்.

இந்தப் பயிற்சி ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்பதை அதன் தொடக்கமே சொல்லிவிடுகிறது. 1936-இல் இதே வெர்மான்ட்டின் ஸ்டோ மலையில் மினாட் டோல் என்பவர் கணுக்கால் முறிந்து கிடந்தபோது, நண்பர்கள் எங்கிருந்தோ ஒரு கூரைத் தகரத்தைக் கொண்டுவந்து, அதில் அவரைக் கிடத்திக் கீழே இழுத்து வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஃபிராங்க் எட்சன் சில வாரங்களிலேயே ஒரு சறுக்குப் பந்தயத்தில் அடிபட்டு இறந்துபோனார். 1938-இல் டோல் தொடங்கிய அமைப்புதான் இது. தகரம் போய், அடிபட்டவரைக் கிடத்தி இழுக்கும் டொபோகன் என்ற ஃபைபர் கிளாஸ் பனிவண்டி வந்துவிட்டது. ஆனால் அடிபட்டவரைப் பனியிலிருந்து மனிதக் கைகளே கீழே கொண்டுசேர்க்க வேண்டும் என்ற நிலை இன்னும் மாறவில்லை.

பயிற்சியின் முதற்பாதி வகுப்பறையில் நடக்கிறது. வெளிப்புற அவசரச் சிகிச்சை என்று பொருள்படும் ஓ.இ.சி. பாடம் எங்களுக்குச் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, வாரத்துக்கு இரண்டு மாலைகளும் சில ஞாயிற்றுக்கிழமைகளுமாக, ஏறத்தாழ நூறு மணி நேரம் நடந்தது. பாடநூல் தலையணை கனம். ஆனால் பாடத்தின் உயிர் நூலில் இல்லை, தரையில் படுத்து நடிக்கும் நோயாளிகளிடம் இருக்கிறது. முதல் ஒத்திகையில் ஒருவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அலறினார். நான் நேரே அவரிடம் ஓடி, கத்தரிக்கோலால் சட்டைக் கையை வெட்டி, அழகாகத் தப்பை வைத்துக் கட்டினேன். இரண்டடி தள்ளி, மரத்தில் சாய்ந்தபடி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தவருக்கு வயிற்றுக்குள் இரத்தக் கசிவு என்று ஒத்திகைக் குறிப்பில் எழுதியிருந்ததாம். அலறுகிறவருக்கு மூச்சு இருக்கிறது, பேசாதவரை முதலில் பார் என்று பயிற்றுநர் சொன்னார். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் படிக்கும் பாடங்களில் பெரும்பகுதி இதிலும் உண்டு. அதற்கு மேல் உறைபனிக் காயம், உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குதல், ஸ்கி பூட்ஸைக் கழற்றாமலே காலுக்குத் தப்பை கட்டுதல், இருவர் சேர்ந்து கழுத்து அசையாமல் ஹெல்மெட்டை எடுத்தல் என்று மலைக்கே உரியவையும் சேர்கின்றன. கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல முதலுதவிப் பாடம் இந்த ஊரில் கிடைக்காது என்பது என் துணிபு.

இரண்டாம் பாதி டொபோகன். இதைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சரியாகச் சொல்லவில்லை. வண்டியின் முன்னால் இரண்டு நீண்ட கைப்பிடிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே நின்று, சறுக்குப் பலகைகளைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பி, விளிம்புகளால் பனியைச் சுரண்டிக்கொண்டே பக்கவாட்டில் இறங்க வேண்டும். கைப்பிடியைத் தாழ்த்தினால் அடியில் தொங்கும் சங்கிலி பனியில் பதிந்து வேகத்தைக் குறைக்கும். உயர்த்தினால் வண்டி விடுபடும். செங்குத்தான இடங்களில் இன்னொருவர் பின்கயிற்றைப் பிடித்தபடி மேலிருந்து தடுத்து வருவார். நேர்கோட்டில் இறங்க முடியாத இடத்தில், முன்னும் பின்னுமாக நழுவி, காற்றில் சருகு விழுவதுபோல இறங்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். முப்பது வயதில், திருநெல்வேலி வெயிலில் ஊறிய உடம்போடு சறுக்கக் கற்றவன் நான். என்னால் இது முடிந்ததற்குக் காரணம், இங்கே வேகத்தை யாரும் கேட்பதில்லை, எந்தப் பனியிலும் நினைத்த இடத்தில் நிற்க முடியுமா என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். வெர்மான்ட் அடங்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தில் அது லேசான காரியமும் அல்ல. இங்கே பனி என்று சொல்வதில் பாதி வழுக்குக் கண்ணாடிதான்.

வண்டியை இழுக்க விடுவதற்கு முன்பு, ஒவ்வொருவரையும் அதில் படுக்கவைத்துக் கட்டி ஒருமுறை கீழே இறக்குகிறார்கள். வானத்தைத் தவிர எதுவும் தெரியாது. இழுப்பவரின் பலகைகள் சிதறடிக்கும் பனித்தூள் முகத்தில் விழுந்துகொண்டே இருக்கும். சங்கிலியின் கரகரப்பு நின்றுவிட்டால் வண்டி எங்கே போகிறதோ என்று அடிவயிறு குளிரும். அன்றைக்குப் பிறகு நான் இழுத்த எந்த வண்டியிலும், நோயாளியிடம் பேசாமல் இறங்கியதில்லை. பாடத்திட்டத்துக்கு நான் தரும் மதிப்பெண் பத்துக்கு ஒன்பது.

என் மலைக்கு ஆறுதான். டொபோகன் கற்பித்த மூவரும் கைப்பிடியைப் பிடிப்பதற்கு மூன்று முறைகளைச் சொன்னார்கள். ஒருவர் பாராட்டியதை மறுவாரம் இன்னொருவர் திருத்தினார். முதல் ஆண்டு பிப்ரவரியில் பனி உருகியதால் தேர்வைத் தள்ளிவைத்தார்கள், அது நியாயம். ஆனால் புதிய தேதியைக் கடைசிவரை அறிவிக்காமல், பிறகு அடுத்த குளிர்காலத்தில் பார்க்கலாம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. ஓராண்டு முழுவதும் பயிற்சி பெறுபவன் என்ற நிலையிலேயே நின்றேன்.

செலவையும் சொல்லிவிட வேண்டும். தன்னார்வம் என்றால் சம்பளம் இல்லை என்பது மட்டுமல்ல, கையிலிருந்தும் போகும். உறுப்பினர் கட்டணம், பாடநூல், சி.பி.ஆர். எனும் இதய இயக்க மீட்பு வகுப்பு, மேலங்கி, இடுப்புப் பை, அதில் அடைக்கும் கட்டுத்துணி என்று கூட்டிப்பார்த்தால், முதல் ஆண்டில் எனக்கு ஆன செலவு அந்த மலையில் குளிர்காலம் முழுவதும் சறுக்க அனுமதிக்கும் சீசன் பாஸின் விலையை நெருங்கியது. பாஸ் இலவசம்தான், ஆனால் கடமை நாள்களில் காலை ஏழரைக்கு மலையில் இருக்க வேண்டும், மாலையில் சறுக்குவோரை மலைமேல் ஏற்றும் லிஃப்ட் நின்ற பிறகு ஒவ்வொரு பாதையாக இறங்கி, யாரும் விடுபட்டிருக்கிறார்களா என்று குரல் கொடுத்துப் பார்த்த பின்புதான் வீடு திரும்ப முடியும். நாள் முழுக்க விருப்பம்போல் சறுக்கலாம் என்று எண்ணி வந்த இருவர் ஜனவரிக்குள் விலகினார்கள். சான்றிதழ் பெற்ற பிறகும் ஆண்டுதோறும் புத்தாக்கப் பயிற்சி உண்டு. பாடம் முழுவதையும் மூன்றாகப் பிரித்து, மூன்று ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கிறார்கள். மறந்துபோவதற்கு இடமே தராத அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

சேர விரும்புகிறவர்கள் பனி விழும்வரை காத்திருக்க வேண்டாம். வகுப்பு செப்டம்பரில் தொடங்கிவிடும். சறுக்குத் திறனை அதற்கு முந்தைய குளிர்காலத்தின் இறுதியிலேயே, பெரும்பாலும் மார்ச்சில், சோதித்துவிடுவார்கள். அப்போது பேட்ரோல் அறைக்குப் போய், டொபோகன் தேர்வு எந்த மாதம் நடக்கும், பனி இல்லாவிட்டால் மாற்றுத் தேதி என்ன என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை.